சாச்சாவின் விமானம் இறங்கிய வயல்

சாச்சாவை அடித்ததற்காக வாப்பாவோடு ஆறு மாதம் நான் ஒரு சொல் கதைக்கவில்லை. ஒன்பது வயதில் என்னால் கொடுக்க முடிந்த பெரிய தண்டனை அதுதான்.

சாச்சா, வாப்பாவின் தம்பி. கட்டாரில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து கல்முனையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இரண்டு வருடமாக ஒரு விமானம் கட்டினார். அலுமினியக் குழாயில் உடம்பு, படங்குத் துணியில் இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, அவற்றுக்குப் பின்னால் எஞ்சின். ஊர் சிரித்தது. சிரித்த பிள்ளைகளோடெல்லாம் நான் சண்டை பிடித்தேன். அந்த விசுவாசத்துக்காக சாச்சா என்னிடம் இரகசியமாகச் சொன்னார்: "முதல் தரம் தனியப் போய்ப் பாக்கிறன். வாற கிழமை ஒன்னையும் ஏத்துவன். வாப்பாட்ட சொல்லிராத."

மாவடிப்பள்ளியில் அறுவடை முடிந்து வயல் காய்ந்திருந்தது. வரம்புகளை வெட்டிச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டிருந்தார். விமானம் உண்மையாகவே எழும்பியது! தென்னை உயரத்தில் ஒரு வட்டமடித்துத் திரும்பியது. அதற்குள், சிரித்த ஊரெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடுபாதையில் வந்து நின்றது. விலகச் சொல்லிக் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. அவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. சாச்சா அவர்களைத் தாண்டி இறக்கினார். அங்கே வெட்டாத வரம்பு. முன்சக்கரம் அதில் மோத, விமானம் மூக்குக் குத்தி விழுந்தது.

சாச்சா முன்னிருக்கையிலிருந்து தவழ்ந்து வந்தார். ஒரு கை முறிந்து தொங்கியது, வாயெல்லாம் இரத்தம். வாப்பா ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க, அவர் கன்னத்தில் அறைந்தார்.

"ஒண்டுமில்ல காக்கா, வரம்புல தட்டிட்டு" என்றார் சாச்சா, தன் அண்ணனிடம்.

வாப்பா மறுபடி கை ஓங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"அடிக்காதீங்க வாப்பா! வாற கிழமை என்னையும் ஏத்துறண்டு சொன்னவர்!"

சாச்சாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன். வாப்பாவின் கை இறங்கியது. என்னைப் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்தார். எஞ்சின் கழன்று முன்னே வந்து, பின்னிருக்கையை நசுக்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். ஆட்கள் சாச்சாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன பிறகும் வாப்பா விமானத்தை வெட்டிக்கொண்டே இருந்தார். "வேணாம் வாப்பா" என்று நான் அழ அழ, இன்னும் பலமாக வெட்டினார்.

நானும் அந்த இருக்கையைப் பார்த்தேன்தான். தட்டி நிமிர்த்தினால் வாற கிழமைக்குச் சரியாகிவிடும் என்றே நினைத்தேன்.