நுரை வராத தையல்

பதினாறு வருடம் தொழிற்சாலையில் ரப்பர் படகு ஒட்டியவளுக்கு உலகத்தில் ஒரே எதிரி காற்றுக் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பாள். ஒரு குமிழி எழும்பினாலும் படகு அன்று அவள் மேசையை விட்டு நகராது. வீட்டிலும் அதே கதைதான். கேஸ் குழாய், சைக்கிள் டியூப், குக்கர் மூடி எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. "என் மூக்குல மட்டும்தான் இன்னும் சோப்பு போடல" என்பார், குறட்டைக்குப் பேர்போன கணவர். தொழிற்சாலையில் அவளுக்குச் சோப்பக்கா என்றே பெயர்.

தொழிற்சாலை மூடி, மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்ததில் அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அப்போதுதான் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் காற்றுக் கோட்டைகளை வாடகைக்கு விடுகிறவர் கூப்பிட்டார்.

"கிழிஞ்ச கோட்டை ஒண்ணு இருக்கு, தைச்சுக் கொடுங்கக்கா. சனிக்கிழமை நானே ஏறிக் குதிச்சுப் பார்ப்பேன். சரியா இருந்தா வேலை உங்களுக்கு."

முதலாளி நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

கிழிசலைத் தைத்து, கோட்டையின் துணிக்குழாயைக் காற்று ஊதும் புளோயரில் மாட்டி ஓடவிட்டாள். கோட்டை புஸ்ஸென்று எழுந்து நின்றது. கை தானாகச் சோப்புத் தண்ணீரை எடுத்தது. அய்யய்யோ! கிழிசலில் மட்டுமா, ஒவ்வொரு தையலிலும் நுரை பொங்கியது. 'எந்தப் புண்ணியவான் தைத்தானோ!' என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நாள் முதுகு ஒடிய எல்லாத் தையல் மேலும் பட்டை ஒட்டினாள். ஒரு குமிழி இல்லை.

சனிக்கிழமை முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முதல் குதியிலேயே தூக்கி அடித்தது. இரண்டாவதில் டப்பென்று ஒரு சத்தம். தரையை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும் பட்டை அறுந்து, நடுவில் ஒரு மேடு கிளம்பியது. அவர் அதிலிருந்து சறுக்கி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"பாறை மாதிரி இருக்கேக்கா! என்ன பண்ணீங்க?"

"பொட்டுக் காத்துகூட வெளிய போகாது சார்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இது எப்பவும் மெத்துனு இருக்கும். புதன்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லேன்னா வேற ஆள்தான்."

அவள் முகம் செத்துப்போனது. அழுகையை அடக்கிக்கொண்டு புளோயர் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகுக்கு ஒரு தடவை காற்றடித்து அடைத்தால் வேலை முடிந்தது. இது ஏன் நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருக்கிறது? ஊதுகிற காற்றெல்லாம் எங்கே போகிறது?

கேள்வி வந்துவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பழைய கோட்டை ஒன்றை ஓடவிட்டு ஏறி, தையல் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தாள். காற்று கையில் சீறியது. அதற்குள் புளோயர் புதுக் காற்றைத் தள்ளி நிரப்பிவிட்டது. மறுபடி உட்கார்ந்தாள், மறுபடியும் சீறல். கசிவதற்கென்றே விட்ட தையல்! அதை அல்லவா மூன்று நாள் மெனக்கெட்டு அடைத்திருக்கிறாள். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அறுந்த உள்பட்டையைத் தைத்து, தையல்கள் மேல் ஒட்டியதையெல்லாம் உரித்தாள். புதன்கிழமை ஏறிய முதலாளி இறங்குவதாக இல்லை.

"வேலை உங்களுக்குத்தான்க்கா!" என்று மேலிருந்து கத்தினார்.

சோப்பக்கா நிமிரவில்லை. கோட்டை மூலையில் சோப்புத் தண்ணீரோடு குனிந்திருந்தாள்.

"முதல்ல இறங்குங்க சார். இந்த இடத்துல இன்னும் ஒரு குமிழிகூட வரல."