விரிசல் அக்கா எடுத்த கல்யாணப் படங்கள்

நகராட்சியின் கட்டடப் பிரிவில் அவளுக்கு விரிசல் அக்கா என்றுதான் பெயர். பொதுக் கட்டடங்களில் எங்கே சுவர் வெடித்திருக்கிறது, எங்கே கூரை ஒழுகுகிறது, எந்தத் தூண் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, படம் எடுத்து, அறிக்கை எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதேதான். ஒரு கேமரா, ஒரு டார்ச், விரிசலின் நீளம் தெரிவதற்காகப் பக்கத்தில் வைத்து எடுக்கும் மஞ்சள் அளவுகோல் ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் அவள் வீட்டுப் படி இறங்கியதில்லை. அந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. படத்தில் ஆள் விழக்கூடாது, விழுந்தால் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் அவள் வாழ்க்கையில் அதிகமாகச் சொன்ன வாக்கியம் எதுவென்று கேட்டால், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்பதுதான்.

அப்படிப்பட்டவள் கல்யாணப் படம் எடுக்கிறவளாக ஆனதற்கு அவளுடைய அறிக்கை ஒன்றே காரணம்.

ஒரு நாள் திருமணப் பதிவு மண்டபத்தின் கூரையைப் பார்க்கப் போனாள். ஏணி போட்டு ஏறி, நாலு இடத்தில் தட்டிப் பார்த்தாள். தட்டிய இடத்திலிருந்து ஒரு பிடி காரை அவள் தோளிலேயே விழுந்தது. இறங்கி வந்தவள், “இதுக்குக் கீழ இனிமே ஒருத்தரும் நிக்கக்கூடாது” என்றாள். மறுநாளே மண்டபத்துக்குப் பூட்டு. பழுது பார்த்து முடிக்க ஆறு மாதம் என்றார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் அங்கே நாள் குறித்து வைத்திருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் ஜோடிகள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் மேஜைக்கு முன்னால் ஓர் ஆள் வந்து நின்றான். ஆறடி உயரம், கையெல்லாம் கிரீஸ். தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் மெக்கானிக்.

“அக்கா, மண்டபத்த மூடினது நீங்கதானே?”

“கூரை விழுற மாதிரி இருந்துச்சுப்பா.”

“சரிதான். இப்ப என் கல்யாணமும் விழுந்துடுச்சே. அதுக்கு என்ன செய்யப் போறீங்க?”

அவன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வழி கேட்கிற மாதிரி கேட்டான். கல்யாணப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு லீவு கிடைத்ததே பெரும்பாடு. வெளியூர் உறவெல்லாம் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பதிவாளர் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறான். ஊருக்குள் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன், கூரை பத்திரம் என்று ஒரு சான்றிதழும் வெளியேற இரண்டு வழியும் இருந்தால் போதும் என்றிருக்கிறார் அந்த அம்மா. சான்றிதழ் கொடுக்கிறவள் விரிசல் அக்கா.

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஊரின் கூரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின.

“நீ வேலை செய்யுற இடத்துல கூரை இன்னும் அறுபது வருஷம் அசையாது” என்றாள். “வாசல் மூணு இருக்கு. அங்கயே வெச்சுக்கோயேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். தலையைச் சொறிந்தான். மேல்தொட்டி நிறைந்திருந்தால் ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்தலாம், ஊருக்குத் தெரியவே தெரியாது என்றான். போனவன் இரண்டு நாளில் திரும்பி வந்தான். பெண்ணுக்குச் சம்மதமாம். ஆனால் ஏற்பாடு செய்திருந்த போட்டோகிராபர், பின்னால் குழாயும் மோட்டாருமாக இருந்தால் என் பேர் கெட்டுப்போகும் என்று கழன்றுகொண்டாராம்.

“நீங்க கையில வெச்சிருக்கறதும் கேமராதானேக்கா” என்றான்.

இதை வீட்டில் சொன்னபோது அவள் கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். விடியுமுன் போய் மத்தியானம் வீடு திரும்பிவிடுவான்.

“நீ கல்யாணத்துக்குப் போனா பொண்ணையா பார்ப்ப? சுவரத்தான் பார்ப்ப. நம்ம கல்யாணத்தன்னிக்கு என்கிட்ட நீ முதல்ல என்ன சொன்ன, ஞாபகமிருக்கா? மேல பாருங்க, உத்திரம் வளைஞ்சிருக்குன்ன.”

“வளைஞ்சிருந்துச்சுங்க.”

“நான் இல்லேன்னா சொன்னேன்? பயத்துல மோதிரத்தக் கீழ போட்டேன்” என்றவன், சனிக்கிழமை விளக்குப் பிடிக்கத் தானே வருவதாகவும் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பச்சை வண்ணம் அடித்த எட்டு மோட்டார்கள், ஆள் நுழைகிற பருமனில் குழாய்கள், நடுவில் அறுபது பேர் புது உடுப்பில். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றதும் அவள் கேமராவைத் தூக்கினாள். வாயிலிருந்து தானாக வந்தது: “கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

இரண்டு பேரும் தள்ளி நின்றார்கள். அவள் சுவரைப் படம் எடுத்தாள். கணவன் விளக்குக்குப் பின்னாலிருந்து இருமினான். அதோடு விட்டதா? கிட்டப் போய் எடுக்கும்போது பழக்கதோஷத்தில் பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். நர்ஸ் பெண் அதைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், அளவுகோலை வாங்கி அவன் மூக்கை அளந்தாள். அதுவரை விறைப்பாக நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தக் கணத்தில் விரல் தானாக அழுத்தியது.

அந்தப் படத்தை வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் அவளுக்கே புரிந்தது. பத்தொன்பது வருஷம் வெறும் சுவரோடு காத்துக் கிடந்ததில், எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் இறங்கும், அது தரையில் எவ்வளவு தூரம் நகரும் என்பதெல்லாம் அவள் கண்ணில் ஊறிப்போயிருந்தது. வெளிச்சம் தயாராக இருந்தது. ஆள் வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி. இருநூற்றுப் பத்துப் படத்தில் அறுபதில் குழாய்தான் இருந்தது என்பது வேறு கதை. மெக்கானிக் அந்த அறுபதையும் கேட்டு வாங்கிப் போனான்.

பிறகு சும்மா இருக்க விட்டார்களா? நூற்றுச் சொச்சம் ஜோடியில் பாதிப் பேர் அவள் மேஜைக்கு வந்தார்கள். ஒருவன் டிராம் ஓட்டுகிறவன். பணிமனையில் பதினெட்டு டிராம்களை வரிசையாக நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்டான். கையெழுத்து முடிந்ததும் பதினெட்டு மணியும் ஒன்றாக அடித்ததில் பதிவாளர் அம்மாவின் பேனா எகிறிப் போய்த் தண்டவாளத்தில் விழுந்தது. அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா அரை நாளும் மேலே பார்த்தபடியே இருந்து கழுத்துப் பிடித்துக்கொண்டு போனாள். நூலகத்தின் அடித்தளத்தில் நடந்த கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாரும் சொல்லாமலே கிசுகிசுவென்று பேசினார்கள். வாழ்த்துகூடக் காதில்தான் சொன்னார்கள்.

வார நாளில் விரிசல், சனி ஞாயிறில் கல்யாணம் என்று அவள் வாழ்க்கை மாறியது. ஆள் விழாமல் எடுத்தவளுக்கு இப்போது ஆளைப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. மண்டபத்தைப் பழுது பார்த்துத் திறந்த பிறகும் மக்கள் அவளை விடவில்லை. “அக்கா, எங்களுக்கும் ஒரு நல்ல கூரையாப் பார்த்துச் சொல்லுங்க” என்று வந்துகொண்டே இருந்தார்கள்.

இப்படி வந்தவர்களில் ஒருத்தி நீச்சல் பயிற்சியாளர்.

நகராட்சி நீச்சல் குளத்தை வருஷத்துக்கு ஒரு முறை நாலு நாள் வடித்துச் சுத்தம் செய்வார்கள். அந்த நாலு நாளில் ஒரு நாள், தண்ணீர் இல்லாத குளத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. மாப்பிள்ளை தபால்காரன். மூன்று வருஷமாக அவளிடம் நீச்சல் கற்றும் இன்னும் மிதக்கத் தெரியாதவன். தண்ணீர் இல்லாத குளம் என்றதும் அவன்தான் முதலில் சரி என்றானாம்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி. குளத்தின் அடியில் நாற்காலி போட்டாயிற்று. ஏணி வழியாக உறவுக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாராவது வேகமாக நடந்தால் போதும், குளத்துக் காவலர் பழக்கத்தில் விசிலை ஊதிவிடுவார். ஊதியதும் கல்யாணப் பெண் நின்ற இடத்திலேயே கல்லாக நின்றுவிடுவாள். அவளுக்கும் அது பழக்கம்.

எல்லோரும் இறங்கியாயிற்று, பெண்ணின் அப்பாவைத் தவிர. அவர் மேலே, பார்வையாளர் வரிசையின் கடைசிப் படியில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஊருல எத்தனை இடம் இருக்கு. என் பொண்ணு கல்யாணம் ஒரு குழிக்குள்ளயா நடக்கணும்?” என்றார்.

மச்சினர் போய்க் கூப்பிட்டார், அசையவில்லை. மாப்பிள்ளை போய்க் கூப்பிட்டான், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கீழே பெண், “அப்பா வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். பதிவாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றரைக்கு அவருக்கு இன்னோர் இடத்தில் கல்யாணம்.

விரிசல் அக்கா மேலிருந்து குளம் முழுவதும் விழுகிற மாதிரி ஒரு படம் எடுக்க ஏறிப் போனாள். அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி நின்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குளத்தின் மூலையை வெறித்துக்கொண்டிருந்தவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “அங்க டைல்ஸ் ஒட்டினவன் யாருன்னு தெரியல” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, பெண் சொல்லியிருந்தாள், அப்பா நாற்பது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி என்று.

“நானும் பார்த்தேங்க” என்றாள் அவள். “மூணாவது வரிசையில கோடு விலகுது.”

அவர் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுதா அது?”

“காலையில வந்ததுமே கண்ணுல பட்டுச்சு. அடியில காலியா இருக்குமோன்னு சந்தேகம். தட்டிப் பார்க்கணும். இன்னும் நேரம் கிடைக்கல.”

அவள் தந்திரமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே காலையிலிருந்து அது அவளை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

“சந்தேகத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதும்மா” என்று பெரியவர் எழுந்தார்.

இரண்டு பேரும் படியிறங்கி, ஏணியிறங்கி, கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே நேராக அந்த மூலைக்குப் போனார்கள். அவர் புதுக் கால்சட்டையைக்கூடப் பார்க்காமல் மண்டியிட்டு, பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டினார். டிக், டிக், டிக், டொப்.

“கேட்டீங்களா?”

“இதுவும் டொப்புதான்” என்றாள் அவள், பக்கத்து வரிசையைத் தட்டி.

காவலர் ஓடி வந்தார். ஓடியது அவரே என்பதால் விசில் ஊத ஆளில்லை. “போன வருஷம்தான் ஒட்டினாங்க, நல்லாத்தான் இருக்கு” என்று மல்லுக்கு நின்றார். மேஸ்திரி அவர் கையில் நாணயத்தைக் கொடுத்து நீயே தட்டு என்றார். தட்டியவர் முகம் தொங்கிப்போயிற்று. இதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். நாலு பேர் நாற்பது பேரானார்கள். மோதிரத்தாலும் சாவியாலும் ஆளுக்கொரு பக்கம் தட்டிக்கொண்டு, “இங்க ஒண்ணு”, “மாமா, இதைக் கேளுங்க” என்று குளம் முழுக்க ஒரே டிக் டிக். கல்யாணப் பெண் வெள்ளை உடுப்போடு அப்பாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“இது காலிதானேப்பா?”

“இல்ல. காது கொடுத்துக் கேளு. நல்லா பிடிச்சிருக்கு” என்றார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகளின் முட்டியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டார். விரிசல் அக்கா அதை எடுத்தாள், இரண்டு மூன்று முறை.

“எல்லாரும் கீழதான் இருக்கீங்க” என்றார் பதிவாளர் அம்மா. “ஆரம்பிக்கலாமா?”

தபால்காரன் கூச்சத்தில் மெல்லத்தான் “சம்மதம்” என்றான். குளத்துச் சுவர்கள் அதை வாங்கி மூன்று முறை திருப்பிச் சொல்லின. “ஒரு தடவை போதும் மாப்பிள்ளை” என்றார் மேஸ்திரி. முதல் ஆளாகச் சிரித்ததும் அவர்தான்.

கையெழுத்தாகி, கேக் வெட்டி, யாரோ பாட்டுப் போட்டு, அரட்டை களைகட்டியது. அந்தக் கேக்கைச் செய்தவன் அக்காவின் கணவன். விளக்கை ஏணியில் கட்டிவிட்டு அவன்தான் எல்லோருக்கும் பரிமாறினான். நாலரை மணிக்குக் காவலர் தயங்கித் தயங்கி வந்தார். நாளன்றைக்குக் குழந்தைகளுக்கு வகுப்பு, இப்போது திறந்தால்தான் நிறையும் என்றார். காலி டைல்ஸை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. சுத்தம் செய்கிற அடுத்த தடவை தானே வந்து ஒட்டித் தருவதாக மேஸ்திரி சொன்னார். ஒரு வருஷம் தாங்கும் என்று அக்காவும் எழுதிக் கொடுத்தாள்.

வால்வைத் திறந்தார்கள். ஆழமான பக்கத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் பரவி வந்தது. யாரும் ஏணிப் பக்கம் போகவில்லை. செருப்பையும் ஷூவையும் கழற்றி மேலே எறிந்தார்கள். கணுக்கால் தண்ணீரில் அத்தைமார் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். கல்யாணப் பெண் தன் புருஷனைக் குப்புறப் படுக்க வைத்து, “இப்பவாவது மிதந்து காட்டு” என்றாள். அரை அடித் தண்ணீரில் அவன் கைகால்களை அடித்த அடியில் பக்கத்தில் நின்ற பதினைந்து பேர் நனைந்தார்கள். விரிசல் அக்கா கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, கண்ணால் பார்க்காமலே அழுத்திக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு ஆழம் குறைந்த பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கால்விரலைத் தொட்டதும் காவலரைக் கூப்பிட்டார்.

“முழுசா நிறைய எவ்வளவு நேரமாகும்?”

“ஒண்ணரை நாள் ஆகுங்க.”

“அப்ப இருக்கு நேரம்” என்று இன்னொரு துண்டு கேக் கேட்டார்.