தறிக்கொட்டகையில் ஒரு ரகசியம்

குழந்தைகள் மேல் இச்சை இருந்தும், எந்தக் குழந்தையையும் தொடாமல் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் நித்யஸ்ரீயின் மனோதத்துவ ஆராய்ச்சி. பேர் கேட்கமாட்டாள், போனில்தான் பேச்சு. யாருக்கும் தெரியாது என்ற அவள் வாக்கை நம்பித்தான் அவர்கள் வாய் திறந்தார்கள். அதனால் குடியாத்தத்து வீட்டின் விசைத்தறிக் கொட்டகையில், பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுவாள். அந்தத் தடதடப்பில் யாருக்குக் கேட்கும்?

ஒருநாள் சோறு போடும்போது அம்மா கமலவேணி கேட்டாள். "உன்கிட்ட போன்ல பேசறானே, ஸ்கூலுக்கு எதிர்வீட்டைக் காலி பண்ணவன், இப்ப டாக்டர்கிட்ட ஒழுங்கா போறானாடி?"

நித்யஸ்ரீக்குப் புரையேறியது. "உனக்கு எப்டிமா கேட்டுச்சு?"

"எங்க கேட்டுச்சு? முப்பது வருஷமா தறி ஓட்றேன், இந்தச் சத்தத்துல வாயசைவைப் பார்த்துதான் நாங்க பேசிக்கிறோம். உன் வாய் அசையறது போதாதா? அவன் யாரோ, எனக்கு இன்னா தெரியும்? ஆனா புத்திசாலி."

வாக்கு வாக்குதானே. மறுநாள் கொரோனா காலத்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, போனில் அவரிடமே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"புத்திசாலின்னாங்க."

"அப்ப அடுத்த கேள்வியைக் கேளுங்க."

எதிர்த்தறியிலிருந்து கமலவேணி, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள். நித்யஸ்ரீ முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.