டவர் பூட்டிய பிறகு பேசியவள்

எனக்குத் தொண்டை பெரியது. சின்ன வயதில் அம்மா, "மெதுவா பேசுடி, ஆத்துக்கு அந்தாண்ட தன்லியின் வரைக்கும் கேக்குது" என்று அதட்டுவாள். அப்போது வெட்கமாக இருக்கும். இப்போது இல்லை. அந்தத் தொண்டையால்தான் நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அன்று என் விமானத்தில் படுத்திருந்த கர்ப்பிணியும் அவள் புருஷனும் பிழைத்ததும் அதனால்தான். அதற்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்.

நான் ரங்கூனில் சின்ன விமானம் ஓட்டுகிறேன். ஒற்றை இன்ஜின், ஒற்றை பைலட். ஐராவதி முகத்துவாரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவருவதுதான் பெரும்பாலும் வேலை. துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கிய தமிழர் வம்சத்தில் வந்தவள் பறக்கிறாளே என்று எங்கள் தெருவில் சிலருக்குப் பெருமை, சிலருக்கு வயிற்றெரிச்சல். எந்த விமான நிலையம் என்று மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் வேறு தொல்லை வரும்.

பகலில் அங்கே நெரிசல். யார் முன்னே, யார் பின்னே, எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்று கட்டுப்பாட்டு டவர் ரேடியோவில் சொல்லும், நாங்கள் கேட்போம். இது நடந்த வருஷம் டவரில் மராமத்து வேலை இருந்ததால் மாலையானதும் அதைப் பூட்டிவிடுவார்கள். பெரிய விமானங்கள் அதற்குள் போய்விடும். சின்ன விமானங்கள் மட்டும் இருட்டுவதற்குள் கூடு சேரப் பார்க்கும். கரண்டு போய் சிக்னல் அணைந்த நாற்சந்தி மாதிரிதான் இருக்கும். அதற்கும் சட்டம் உண்டு. எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இதைச் செய்யப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். பேசாமல் வருகிறவன் எமன்.

இந்த ஊரில் வாய்விட்டுச் சொல்வதுதான் கஷ்டம். பர்மியர்கள் ஆநா என்பார்கள். நாம் ஒன்று சொல்லி அடுத்தவர் மனம் சங்கடப்பட்டுவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொள்கிற குணம். பஸ்ஸில் உங்கள் காலை மிதித்துக்கொண்டு நிற்பவரிடம் காலை எடுங்கள் என்று சொல்லமாட்டீர்கள், அவருக்கு அவமானமாகுமாம். நல்ல குணம்தான், நானும் அதில் ஊறி வளர்ந்தவள்தான். ஆனால் அதைத் தரையில் வைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் பைலட்டுகள் அதையும் கூடவே ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். மூத்தவர் குரல் ரேடியோவில் கேட்டால் இளையவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்கள்.

எல்லோரிலும் மூத்தவர் ஒரு கேப்டன். இரட்டை இன்ஜின் விமானம் ஓட்டுவார். பாதிப் பேருக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் சயா, அதாவது ஆசான். என் லைசென்ஸுக்கு வருஷா வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைப்பவரும் அவர்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம். டவர் பூட்டியாகிவிட்டது. காற்று தெற்கிலிருந்து அடித்தது. ஆகவே சுற்றிக்கொண்டு போய் வடக்குப் பக்கமிருந்து இறங்க வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னேன். பயிற்சி விமானம் ஒன்று மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது, தரையில் ஒன்று புறப்படக் காத்திருந்தது. இரண்டும் பதில் சொல்லின. பின்னால் அந்தக் கர்ப்பிணி முனகுவதும், அவள் புருஷன் சமாதானம் சொல்வதும் கேட்டது. ஓடுபாதை நேர் எதிரே வந்தது.

அப்போதுதான் கேப்டனின் குரல். தெற்குப் பக்கமிருந்து நேராக இறங்குகிறாராம். எனக்கு நேர் எதிரே, அதே பாதையில். கடற்கரைப் பக்கமிருந்து வந்தவர், சுற்றிவரச் சோம்பல். அலைவரிசைக்கு வந்ததும் யார் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தெற்கே மழை கறுத்துக் கிடந்தது. அவர் விமானம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன். மேலே இருந்தவருக்குக் கேட்டிருக்கும், தரையில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும். கேப்டனின் பக்கத்திலேயே துணை பைலட் ஒருத்தி இருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பர்மியத்தில் கத்தினேன்: "தப்பான பக்கம் வர்றே! எதுக்க நான் இருக்கேன்! மேல ஏத்து, உன் வலப்பக்கம் திரும்பு! நான் என் வலப்பக்கம் போறேன்!"

சயா என்ற சொல் என் வாயில் வரவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

மழைக்குள்ளிருந்து அவர் விமானம் வெளியே வந்தது. நனைந்த அதன் அடிவயிறு என் இடப்பக்கம் கடந்துபோனதைப் பார்த்தேன். மறுபடி சுற்றி வந்து இறங்கினேன். ஆம்புலன்ஸ் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனபின் விமானத்தின் சக்கரத்தருகே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். எதிரெதிரே வந்ததைப் பற்றி விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேசியது என் குரலைப் பற்றி.

"சயாவை அப்படிப் பேசலாமா? எல்லாரும் கேட்டுட்டாங்க. அவருக்கு எவ்ளோ அவமானம்!"

"எல்லாரும் கேக்கணும்னுதான் பேசினேன்."

"தடின்ஜூட் பண்டிகை வருது. பெரியவங்களைக் கும்பிட்டுக் கடோ பண்றப்ப அவருகிட்ட தனியா மன்னிப்புக் கேட்டுடு. இல்லேன்னா உன் பரீட்சைக்கு அவர் வரமாட்டாராம்."

பரீட்சை இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால் நான் தரையில்தான். வீட்டில் சொன்னேன். அம்மா, "கும்புட்டா கொறஞ்சா போயிடுவே? பெரிய மனுசன்தானே" என்றாள்.

"கும்புடுறேம்மா. மன்னிப்பு மட்டும் கேக்கமாட்டேன்."

தடின்ஜூட் விளக்குத் திருவிழாவில் இளையவர்கள் பெரியவர்கள் முன் மண்டியிட்டு வணங்குவதுதான் கடோ. எங்கள் கொட்டகையிலும் பாய் விரித்து, வாழைப்பழமும் தேங்காயும் தட்டில் வைத்து, கேப்டனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் முறை வந்தது. மண்டியிட்டேன், நெற்றி பாயில் பட மூன்று முறை வணங்கினேன். அவர் வயதுக்கும் கற்றுக்கொடுத்ததற்கும் அது தகும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிறகு வழக்கமான வாசகம். உடலால், வாக்கால், மனத்தால் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

"உடலால் செஞ்ச பிழை, மனசால செஞ்ச பிழை, பொறுத்துக்கணும் சயா" என்றேன்.

கேப்டன் கண்ணை மூடி ஆசீர்வதிக்கத் தொடங்கியவர் நிறுத்தினார். "நடுவுல ஒண்ணை விட்டுட்டே."

"தெரிஞ்சுதான் விட்டேன் சயா. வாக்குல நான் பிழை பண்ணலே."

அவர் ஆசீர்வாதத்தை முடிக்கவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் அவருடைய துணை பைலட் பின்னாலேயே வந்தாள். என்னைவிட இளையவள், என்னை அமா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுபவள்.

"அமா, அன்னிக்குக் காத்து தெக்கேர்ந்துன்னு எனக்குத் தெரியும். ஆநாவா இருந்துச்சு, சொல்லலே."

"செத்திருந்தா யாருக்கு ஆநா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

கேப்டன் சொன்னபடியே பரீட்சைக்கு வரவில்லை. வேறொருவர் வந்து கையெழுத்துப் போடும்வரை நான் தரையில் கிடந்தேன். தலைக்கு மேல் இன்ஜின் சத்தம் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள்கூட அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டிருக்கலாமே என்று நினைக்கவில்லை.

திரும்பிப் பறக்க வந்த முதல் மாலை, டவர் பூட்டியிருந்தது. பருவம் மாறி, காற்று வடக்கிலிருந்து அடித்தது. புறப்படுவதற்காக ஓடுபாதையின் ஓரத்தில் காத்து நின்றேன். ரேடியோவில் கேப்டனின் குரல் வந்தது. வடக்கேயிருந்து வந்தவர், அப்படியே நேராக இறங்குகிறாராம். கை பொத்தானுக்குப் போனது.

எனக்கு முன்னால் ஒரு பெண்குரல் வந்துவிட்டது. கேப்டனின் துணை பைலட்தான். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ரேடியோ இல்லாமலேயே சொல்லியிருக்கலாம். பொத்தானை அழுத்திக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சயா, காத்து வடக்கேர்ந்து அடிக்குது. இந்தப் பக்கமா எறங்கக் கூடாது. சுத்திப் போய் தெக்காலேர்ந்து வரணும்."

பிறகு கேப்டன், சுற்றிப்போய்த் தெற்கிலிருந்து இறங்குவதாக அறிவித்தார். அடுத்து நான் பொத்தானை அழுத்தி, யார், எங்கே, என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.