நல்ல பாம்புக்கு இந்தியில் என்ன

எங்கள் வீட்டில் வெளியுலகத்தோடு பேசும் பொறுப்பு பத்து வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. நாங்கள் பிழைக்கவந்த வடக்கத்தி ஊரான கசார்வாடியில் அப்பா வேலைக்குப் போய்விட்டால் ரேஷன் கடைக்காரர், பால்காரர், தபால்காரர் என்று எல்லோரிடமும் அம்மாவின் வாய் நான்தான். அம்மா தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் நான் இந்தியில் ஒரு வார்த்தை வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா ஓவர்டைமுக்குப் போயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த தகரங்களை நகர்த்தும்போது மாமாவின் வலது காலில் பாம்பு கடித்துவிட்டது. அது படம் எடுத்து நின்றதை அம்மா கண்ணால் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்தார். எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர், அதனால் செய்ததையெல்லாம் முழுமனதோடு செய்தார். கணுக்காலுக்கு மேல் சணல் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அப்பாவின் சவர பிளேடால் கடிவாயைக் கீறி ரத்தத்தைப் பிழிந்தார். வேப்பிலையை மாமாவின் வாயில் திணித்து, "கசக்குதா?" என்று கேட்டார். மாமா தலையாட்டினார். "அப்போ விஷம் ஏறல, பயப்படாதீங்க" என்றார் அத்தை. கசப்புக்கும் விஷத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இப்படியே முக்கால் மணி நேரம் போயிற்று. கால் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மா ரிக்‌ஷா பிடித்தாள்.

பக்கத்துத் தெருவில் தவாகானா என்ற சின்ன மருத்துவமனையில் டாக்டர் இல்லை, கம்பவுண்டர் மட்டும் இருந்தார். மாமாவை அங்கிருந்த பெஞ்சில் படுக்கவைத்தோம். பாம்புக்கடி என்றதும், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், ஊசி மருந்து பல பாட்டில் தேவைப்படும், வெளியே காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கும் என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் கை தாலிச் சங்கிலிக்குப் போயிற்று. பிறகு கம்பவுண்டர், என்ன பாம்பு என்று கேட்டார்.

"நல்ல பாம்புன்னு சொல்லுடி" என்றாள் அம்மா.

நான் சொன்னேன்: "அச்சா சாம்ப்."

நாகபஞ்சமிக்குப் பள்ளியில் படம் வரைந்தவள் நான். நாக் என்ற சொல் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அம்மா நாகம் என்று சொல்லவில்லையே. நல்ல என்றால் அச்சா, பாம்பு என்றால் சாம்ப். கம்பவுண்டரின் முகம் தெளிந்தது. விஷமில்லாத பாம்பு என்று எடுத்துக்கொண்டு, காயத்துக்குக் கட்டுப்போட்டு, ஒரு மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். சணல் கயிறு அப்படியே இருந்தது. அம்மா தெருவிலேயே நின்று மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

வீடு சேர்வதற்குள் மாமாவின் இமைகள் தொங்கிவிட்டன. பேச்சு குழறியது. அதே ரிக்‌ஷாவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் என்னைப் பார்த்து, "நாக் தா?" என்று கேட்டார். காலையில் நான் சொன்னது தப்பு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலமே சங்கிலி போய்விட்டது. அம்மா தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். மாமா பிழைத்தார். ஆனால் விஷமும் கட்டும் கீறலும் சேர்ந்து அழுகிப்போன பாதத்தை எடுக்கவேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு அத்தையை எல்லோரும் ஏசினார்கள். என்னை யாரும் ஏசவில்லை, அம்மாவுக்குத்தான் இந்தி தெரியாதே. அத்தை ஏச்சு வாங்கும்போதெல்லாம் நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஒரு நாள் மாமாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"லேத்துல அல்லாரும் இந்திதான் பேசுவாங்க, பாப்பா. அச்சான்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? அக்கா கை சங்கிலி மேல இருந்துச்சு. வேப்பிலை வேற கசந்துச்சு. சரி, வீட்டுக்கே போலாம்னு வுட்டுட்டேன்."

நான் தப்பாகச் சொன்னேன் என்பது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டே ஒருவர் பேசாமல் படுத்திருந்தார் என்பது மட்டும் தெரியவில்லை.