விரத நாள் வெளிச்சம்

எனக்குக் காற்று கண்ணுக்குத் தெரியும். அப்படித்தான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர், வானம், அம்மாவின் சேலை, எதைப் பார்த்தாலும் அதன்மேல் மாவு சலிக்கும்போது பறப்பதுபோல் பொடிப்பொடியாக ஏதோ ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடினாலும் விடாது. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நம்பி யாரிடமும் கேட்டதே இல்லை. அழகாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆடியில் வருவது வேறு. காஜா பேராங்கில் எங்கள் வீட்டருகே இருந்த மாரியம்மன் கோயிலுக்கு அம்மா பால்குடம் எடுப்பாள். கூடவே எனக்கும் விரதம். குடம் இறக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வெயில் ஏற ஏறப் பார்வையின் ஓரத்தில் சின்னதாக ஒரு மினுக்கம் தோன்றும். ரம்பத்தின் பல்லைப்போல் வளைந்து வளைந்து விரியும். அம்மாவின் முகத்தில் பாதி காணாமல் போகும். மணியோசை எங்கோ தள்ளிக் கேட்கும். நான் அப்படியே மிதந்துகொண்டிருப்பேன். அப்புறம்தான் மண்டையைப் பிளக்கும் வலியும் வாந்தியும்.

அம்மாவுக்கு அது நோயில்லை. ஆத்தா என்மேல் இறங்குவது. என் காலைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"ஆத்தா, எம்புள்ள எங்க இருக்கான்?"

என் அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவன் போனவன்தான். "மினுங்குது, மினுங்குது" என்று நான் முனகுவேன். "தண்ணிதான் மினுங்குது. ஆத்தோரமா உசுரோட இருக்கான்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த ஆடிவரை ஓட்டிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் முகம் தெளிவதைப் பார்த்தால் வாய் எழாது.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அந்த வெளிச்சம் ஆடிக்கு முன்பே, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டது. கோயிலும் இல்லை, குடமும் இல்லை. அம்மா பயந்துபோய் பண்டார் ஹிலிரில் ஒரு தமிழ் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"ஒத்தத் தலைவலிக்கு முன்னால வர்ற வெளிச்சம்மா இது. பட்டினி கெடந்தாலும் வரும். நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றார் அவர்.

பொடிப்பொடியாகத் துடிப்பதையும் சொன்னேன். "எப்பவுமேவா?" என்று கேட்டு, விளக்கடித்துப் பார்த்தார். கண் நன்றாகத்தான் இருக்கிறது, இதற்குப் பெயர் தமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். இரண்டும் வேறு வேறு, ஆனால் பலருக்கு ஒரே தலையில் குடியிருக்கும் என்பதை நான் அறிந்துகொண்டது கிழவியான பிறகு. அன்று தெரிந்ததெல்லாம், மற்றவர்கள் பார்க்கும் சுவர் அசையாது என்பதுதான். திடீரென்று ரொம்பத் தனியாக இருந்தது.

மூன்று சக்கரத் திரிஷாவில் ஏறித் திரும்பினோம். இனி அம்மா எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாள் என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வராவிட்டாலும் மினுங்குது என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துகொண்டேன்.

ஆடி வந்தது. விரதத்தன்று மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனால், மேசையில் எனக்குக் கோப்பியும் ரொட்டியும் இருந்தன.

"இன்னிக்கு விரதம்மா."

"எனக்குத்தான். நீ பசியாறு."

"அப்ப அண்ணன்?"

அம்மா ரொட்டியைப் பிய்த்துக் கோப்பியில் நனைத்தாள்.

"அவன் போயிட்டான்லா. நீயாவது வலியில்லாம இரு" என்று என் வாயருகே கொண்டுவந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.