பதினொரு கடைக்காரர்கள் கொடுத்த சைக்கிள்

குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் லாட்டரிச் சீட்டு விற்றவருக்கு இரண்டு காலும் சூம்பியிருக்கும். மீசை மட்டும் இன்ஸ்பெக்டர் மீசை. கடைத்தெரு வியாபாரிகள் மேடை கட்டி, மாலையைத் தங்களுக்கே போட்டுக்கொண்டு, அவருக்கு மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தார்கள். அதன் முதுகில் பதினொரு கடைப் பெயர் எழுதிய தகரப் பலகை. அவரோ தினமும் பலகை சுவரை ஒட்டும்படிதான் வண்டியை நிறுத்துவார்.

ஒருநாள் நான் சீட்டு வாங்கும்போது ஜவுளிக்கடை முதலாளி வந்து அதட்டினார். "ஏம்பா, போர்டை செவுத்துக்கா காட்டுற? ஜனங்க பாத்துட்டு கடைக்கு வர வேணாமா?"

"ஜனங்க வந்துருவாங்க சார். நான் எப்டி வர்றது? ஒங்க கடைக்கு நாலு படி கீதே. ஒரு லுங்கி வாங்கணும்னாலும் ரோட்லயே குந்திகினு கத்த வேண்டிதா கீது."

"குடுத்த கையையே குத்தம் சொல்றான் பாருங்கம்மா," என்று முதலாளி என்னிடம் முறையிட்டார்.

"மேடை கட்டுனீங்களே, அதுல ரெண்டு பலகையைப் படி மேல சாச்சிருந்தா ஆயிருக்குமே," என்றேன். அவர் விடுவிடுவென்று தன் கடைப் படி ஏறிப் போனார். மீசைக்காரர் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். "இத எடுத்துக்கோக்கா. பரிசு விழுந்தா படியை இடிச்சுரலாம்."

எனக்குப் படிக்க வராது, எண்ண வரும். வீட்டுக்குப் போகும்போது கடை கடையாகப் படிகளை எண்ணினேன். கோபத்தில் கணக்குத் தப்பிப்போய், ஜவுளிக்கடைக்கே திரும்பி வந்து மறுபடி எண்ணினேன்.